வாய் திறக்காத தவளையை எப்படி எண்ணுவது?

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒலியைக் கேட்டுக் காட்டுயிர்களைக் கணக்கெடுக்கும் துறை மொத்தமும் இந்தப் பழமொழியை நம்பித்தான் நடக்கிறது. அடர்ந்த புதருக்குள் இருக்கும் பறவை கண்ணில் படாது. கூவினால் இருப்பது தெரிந்துவிடும். இருட்டில் பறக்கும் வௌவால், சேற்றில் உட்கார்ந்திருக்கும் தவளை, கடலுக்கடியில் போகும் திமிங்கிலம் எல்லாமே அப்படித்தான். மரத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவிட்டு வந்தால், ஆள் இல்லாத நேரத்திலும் அது கேட்டுக்கொண்டிருக்கும். சில வாரங்கள் கழித்துப் போய் மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு வரலாம்.

ஆனால் வாயால் கெடாத நுணல்களும் குளத்தில் இருக்கின்றன. குளிர் தாங்காமல் அன்றைக்குக் கத்தாதவை, கத்தும் பருவம் முடிந்துபோனவை, பெரும்பாலும் குரலே கொடுக்காத பெண் தவளைகள். இவை கணக்கில் ஏறாது. இன்னொரு பக்கம், அந்த இனமே இல்லாத குளத்தில் அதன் குரல் கேட்டதாகக் குறிப்பேட்டில் ஏறிவிடுவதும் உண்டு. முதலாவதை விட்டுவிடும் பிழை என்றும் இரண்டாவதை ஏமாறும் பிழை என்றும் இங்கே அழைத்துக்கொள்வோம். புள்ளியியல் நூல்களில் இவற்றுக்குக் கடுமையான பெயர்கள் இருக்கின்றன. அவை எது எது என்று எனக்கே அடிக்கடி குழம்பும் என்பதால் இந்த எளிய பெயர்களே போதும்.

இரண்டும் பிழைதான் என்றாலும் இரண்டும் ஒரே எடை கொண்டவை அல்ல. கணக்கெடுப்பு அறிக்கைகளைப் படிக்கிறவர்களில் பலரும், சில நேரம் எழுதுகிறவர்களும், தவறவிடும் இடம் இதுதான்.

2000-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள ஈரநிலங்களில் தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் போய் நின்று தவளைக் குரல்களைக் கேட்டுக் குறித்தார்கள். அமெரிக்கத் தேரை என்ற இனத்தின் குரல் அந்த ஈரநிலங்களில் 34 விழுக்காட்டில் மட்டும் ஒருமுறையாவது கேட்டது. அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு இடங்களில்தான் தேரை இருக்கிறது என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் டேரில் மெக்கென்சியும் உடன் பணியாற்றியவர்களும் 2002-இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தத் தரவை வேறு விதமாகப் படித்தார்கள். ஒரே இடத்துக்குப் பலமுறை போனதில், எத்தனை முறை கேட்டது, எத்தனை முறை கேட்கவில்லை என்ற வரிசை இருக்கிறதல்லவா? தேரை இருப்பது உறுதியான இடத்திலேயே பல நாள் குரல் கேட்கவில்லை என்றால், ஒரு நாளில் கேட்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை அந்த வரிசையே சொல்லிவிடும். அந்த வாய்ப்பைக் கணக்கில் சேர்த்தபோது விடை 49 விழுக்காடாக உயர்ந்தது. காதில் விழுந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடங்களில் தேரை இருந்திருக்க வேண்டும்.

அதே கட்டுரையில் வசந்தகாலப் பீப்பர் என்ற சின்னஞ்சிறு தவளையும் உண்டு. அதன் சீழ்க்கை காதைத் துளைக்கும். அதற்குக் கேட்டது 83 விழுக்காடு, மதிப்பீடு 85 விழுக்காடு. கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. ஒரே தன்னார்வலர்கள், ஒரே குளங்கள். ஒன்றில் கணக்கு சரியாகவே இருந்தது, மற்றொன்றில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. எனவே, இந்தக் கணக்கெடுப்பு நம்பத்தக்கதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருள் இல்லை. எந்த உயிரினத்துக்கு, எந்தப் பருவத்தில் என்று கேட்க வேண்டும்.

குரல் ஏன் தவறிப்போகிறது? முதல் காரணம், விலங்கு வாய் திறக்கவில்லை என்பது. தேரைக்கு வெப்பநிலை ஒத்துவர வேண்டும். பறவைகளில் இதைவிட வேடிக்கையான ஒன்று இருக்கிறது. பல இனங்களில் ஆண் பறவை பாடுவது துணையைத் தேடித்தான். துணை கிடைத்ததும் பாட்டு குறைகிறது. இரவெல்லாம் பாடும் நைட்டிங்கேல் பெரும்பாலும் இன்னும் துணை கிடைக்காத ஆண். வட அமெரிக்காவின் ஓவன்பேர்டு என்ற சிறு பறவையிலும் துணையற்ற ஆண்கள் துணையுள்ளவற்றைவிடப் பல மடங்கு பாடுகின்றன. அப்படியானால் பாட்டு மிகுந்து கேட்கும் காடு செழிப்பான காடாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெண் பறவைகள் வராத, இனப்பெருக்கம் நடக்காத காடாகவும் இருக்கலாம். பாட்டை எண்ணி மக்கள்தொகையைச் சொல்கிற ஆய்வு, இந்த இடத்தில் தலைகீழான விடையைத் தரக்கூடும்.

இரண்டாவது காரணம் இயற்பியல். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. அதற்கு மேல் காற்றே ஒலியை உறிஞ்சுகிறது. இந்த உறிஞ்சல் தாழ்ந்த ஒலிக்கு அற்பம், உயர்ந்த ஒலிக்குக் கொடுமை. ஆந்தையின் தாழ்ந்த குரல் நெடுந்தூரம் போகும். 20 கிலோஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும் பெரிய வௌவாலை நூறு மீட்டர் அளவிலும் பிடிக்கலாம். 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி எழுப்பும் சிறிய லாட வௌவாலோ சில மீட்டர்களைத் தாண்டினால் கருவிக்கு இல்லாத பிராணி, ஏனென்றால் அந்த அலைவெண்ணில் காற்று ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 3 டெசிபெல்லைத் தின்றுவிடுகிறது. கருவியில் பெரிய வௌவால் நூறு முறையும் லாட வௌவால் ஐந்து முறையும் பதிவானால், அங்கே இருபதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவை வாழ்கின்றன என்று பொருள் கொள்ள முடியாது. ஒன்று கூரைமேல் ஏறி நின்று கத்துகிறது, மற்றொன்று காதோடு பேசுகிறது.

தூரம் நிலையானதும் அல்ல. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேல் வெப்பமான காற்று படிந்திருக்கும்போது ஒலி தரையை நோக்கி வளைகிறது. பகலில் எட்டாத ஓசை அப்போது எட்டும். ஒரே மரத்தில் கட்டிய ஒரே கருவி பகலில் ஒரு பரப்பையும் இரவில் அதைவிடப் பெரிய பரப்பையும் கேட்கிறது. மழை பெய்தால் இரண்டும் சுருங்கிவிடும். அருவி, சில்வண்டு, சாலை இரைச்சல் எல்லாம் அந்தந்த அலைவெண்ணில் இருக்கும் குரல்களை மூழ்கடிக்கும். பீப்பர்கள் கூட்டமாகக் கத்தும் குளத்தில் வேறு மெல்லிய குரல் இருந்தாலும் யார் காதில் விழப்போகிறது?

மூன்றாவது, கேட்கிறவர். வயது ஏற ஏற மனிதக் காது முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளைத்தான். ஐரோப்பாவின் கோல்ட்கிரெஸ்ட் என்ற குட்டிப் பறவை 7, 8 கிலோஹெர்ட்ஸ் அளவில் பாடுகிறது. ஐம்பதைக் கடந்த பல பறவை ஆர்வலர்களின் காட்டிலிருந்து அது அமைதியாக வெளியேறிவிடுகிறது. ஒரே ஆள் முப்பது ஆண்டுகள் ஒரே பாதையில் கணக்கெடுத்தால், அந்தப் பறவை குறைகிறதா, அவர் காது குறைகிறதா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. வட அமெரிக்காவில் 1966 முதல் நடக்கும் இனப்பெருக்கப் பறவைகள் கணக்கெடுப்பில் ஒவ்வொரு பாதையிலும் 50 நிறுத்தங்கள், நிறுத்தத்துக்கு 3 நிமிடம். அதில் முதல் ஆண்டு வருகிறவர்கள் பின்னாளைவிடக் குறைவாகப் பதிவு செய்கிறார்கள் என்பது தெரிந்ததால், அந்த முதல் ஆண்டைத் தனியாகக் கணக்கில் கொள்ளும் வழக்கம் வந்தது. காது பழகப் பழகப் பறவை ‘பெருகுகிறது’.

இந்தக் காரணங்கள் எல்லாம் சேர்ந்தும் விட்டுவிடும் பிழை ஒரு வகையில் சாதுவானது. மறுபடி மறுபடி போனால் அது குறையும். ஒரு வருகையில் கேட்கும் வாய்ப்பு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நான்கு முறை போயும் கேட்காமல் போகும் வாய்ப்பு 24 விழுக்காடு. பத்து முறை போனால் 3 விழுக்காட்டுக்கும் கீழே. எவ்வளவு விட்டிருப்போம் என்பதைத் தேரைக் கணக்கைப் போல மதிப்பிடவும் முடியும்.

ஏமாறும் பிழை அப்படி அல்ல. மேற்சொன்ன வைத்தியமே அதற்கு நஞ்சு.

நூறு குளங்கள், உண்மையில் பத்தில் மட்டும் தேரை என்று வைத்துக்கொள்வோம். மீதித் தொண்ணூறில் தேரை இல்லை, ஆனால் ஒரு வருகைக்கு 2 விழுக்காடு அளவில் வேறெதையோ தேரை என்று குறித்துவிடுகிறோம். நூற்றுக்கு இரண்டு என்பது நல்ல கணக்கெடுப்பாளருக்கும் பழிச்சொல் அல்ல. பத்து முறை போகிறோம். வெற்றுக் குளம் ஒவ்வொன்றிலும் ஒருமுறையாவது பொய்யான பதிவு விழும் வாய்ப்பு இப்போது 18 விழுக்காடு. தொண்ணூறில் ஏறத்தாழ 16 குளங்கள் ‘தேரை உள்ளவை’ ஆகிவிட்டன. பத்து என்ற உண்மை இருபத்தாறாகிவிட்டது. இன்னும் பத்து முறை போனால் நிலைமை மோசமாகும், தேறாது.

அதோடும் நிற்பதில்லை. விட்டதை மதிப்பிடும் அந்தக் கணித முறை இந்தத் தரவைப் பார்த்து என்ன நினைக்கும்? பத்து வருகையில் ஒரே ஒரு முறை கேட்ட குளங்கள் நிறைய இருக்கின்றன. அப்படியானால் இந்தத் தேரை அரிதாகத்தான் குரல் கொடுக்கும் போலிருக்கிறது. அப்படியானால் ஒருமுறைகூடக் கேட்காத குளங்களிலும் அது ஒளிந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டும். பொய்யை நம்பி மேலும் பொய்யைக் கூட்டும். ஆன்ட்ரூ ராயிலும் வில்லியம் லிங்கும் 2006-லேயே, சிறிய அளவு தவறான அடையாளம்கூட மதிப்பீட்டைப் பெரிதாகக் கோணலாக்கும் என்று காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும், பொய்ப் பதிவு இல்லை என்ற அனுமானத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போகும் ஆய்வுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஏமாறுவது எப்படி நடக்கிறது என்பதற்குத் தந்த அலகு மரங்கொத்தியைவிட நல்ல பாடம் கிடையாது. அமெரிக்காவின் தென்பகுதிச் சதுப்புக் காடுகளில் வாழ்ந்த பெரிய மரங்கொத்தி அது. எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் கடைசிக் காட்சி 1944-இல் லூசியானாவில். அறுபது ஆண்டுகள் கழித்து ஆர்கன்சாவில் அது தென்பட்டதாக 2005 ஏப்ரலில் அறிவிப்பு வந்தபோது உலகச் செய்தியானது. கார்னெல் பறவையியல் ஆய்வகம் அந்தக் காடுகளில் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து, பல ஆயிரம் மணி நேரப் பதிவுகளைச் சேகரித்தது.

தேடியது இரண்டு ஒலிகளை. ஒன்று, தகர ஊதலைப் போன்ற ‘கென்ட்’ என்ற குரல். மற்றொன்று, மரத்தில் அடுத்தடுத்து இருமுறை விழும் தட்டல். முதல் தட்டு பலமாக, இரண்டாவது சற்றே மெலிந்து. இரண்டையும் போன்ற ஒலிகள் பதிவுகளில் கிடைக்கத்தான் செய்தன. ஆனால் கென்ட் போன்ற குரலை நீல ஜே என்ற பறவையும் எழுப்பும். ஜே எங்கும் இருக்கிறது. இரட்டைத் தட்டலாகத் தொலைவிலிருந்து வரும் துப்பாக்கிச் சத்தமும் அதன் எதிரொலியும் கேட்கலாம். பறக்கும் வாத்துக் கூட்டத்தில் இறக்கைகள் மோதும் ஒலியும் இந்தத் தட்டலை ஒத்திருக்கிறது என்று 2007-இல் ஒரு கட்டுரை வந்தது. குளிர்காலச் சதுப்புக் காட்டில் வாத்துக்கும் பஞ்சம் இல்லை, வேட்டைக்காரர்களுக்கும் பஞ்சம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இருந்த உண்மையான குரலோ 1935-இல் எடுத்த பதிவு மட்டும்தான். இரட்டைத் தட்டலுக்கு அதே பேரினத்தைச் சேர்ந்த பிற மரங்கொத்திகளைத்தான் நாட வேண்டியிருந்தது.

அங்கே போனவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். ஆனாலும் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதைப் போலவே ஆசைப்பட்டவன் காதுக்கும் எல்லாம் மரங்கொத்திதான். பறவை இருக்கும் வாய்ப்பு மிக அரிதாக இருந்து, அதைப் போன்ற ஒலி எழுப்பும் பொருள்கள் நிறைய இருந்தால், கிடைக்கும் ஒலிகளில் பெரும்பாலானவை அந்தப் பறவையினுடையவை அல்ல. கேட்பவரின் திறமை என்னவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இன்றுவரை மறுக்க முடியாத படமோ உடலோ கிடைக்கவில்லை. அழிந்துவிட்டதாக அறிவிக்க 2021-இல் அமெரிக்க அரசு முன்மொழிந்தது. 2023-இல் 21 இனங்களை அழிந்தவையாகப் பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்த மரங்கொத்தியை மட்டும் இன்னும் முடிவு செய்யாமல் வைத்தது.

ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்ட பறவைகளும் உண்டு. துடுப்புவால் கரிச்சான் பருந்துகளைப் போலவும் மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரலைப் போலவும் பிசகாமல் கூவும். பதிவில் பருந்தின் குரல் இருக்கிறது, காட்டில் பருந்து இல்லை. இதற்குக் கருவியும் பயிற்சியும் மட்டும் போதாது. அந்தக் காட்டில் யார் யாரைப் போல நடிப்பார்கள் என்று தெரிந்த ஆள் வேண்டும்.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். ஆடியோமாத் போன்ற கையடக்கக் கருவிகள் வந்த பிறகு ஒலியைச் சேகரிப்பது மலிவாகிவிட்டது. அவ்வளவையும் உட்கார்ந்து கேட்க மனிதர் கிடையாது. எனவே மென்பொருள் கேட்கிறது. கார்னெல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய பேர்ட்நெட் இவற்றில் பெயர்பெற்றது. அது பதிவை 3 வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தப் பறவை இருக்கலாம் என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் போடுகிறது.

ஒரு நாளில் 28,800 மூன்று வினாடித் துண்டுகள் இருக்கின்றன. முப்பது கருவிகளை முப்பது நாள் வைத்தால் இரண்டரைக் கோடிக்கும் மேல். நாம் தேடும் ஆந்தை இவற்றில் 5,000 துண்டுகளில் மட்டும் கூவியிருக்கிறது என்று கொள்வோம். மென்பொருள் ஆந்தையைக் கேட்டால் நூற்றுக்கு எண்பது முறை சரியாகச் சொல்லும். ஆந்தை இல்லாத துண்டில் ஆயிரத்துக்கு ஒருமுறைதான் தவறாக ‘ஆந்தை’ என்னும். விளம்பரத்தில் போட்டால் 99.9 விழுக்காடு துல்லியம். நடப்பது என்ன? உண்மையான ஆந்தை 4,000 துண்டுகள். பொய்யான ஆந்தை ஏறத்தாழ 26,000. மென்பொருள் ஆந்தை என்று தூக்கிக் கொடுக்கும் ஒவ்வொரு நூறிலும் பதின்மூன்றுதான் ஆந்தை.

இது மென்பொருளின் குற்றம் அல்ல. வைக்கோற்போர் பெரிது, ஊசி சிறிது. அதே மென்பொருளை ஆந்தைகள் நிறைந்த காட்டில் வைத்தால் நூற்றில் எண்பது சரியாக வரலாம். ஓரிடத்தில் சோதித்துப் பெற்ற துல்லியத்தை இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

வரம்பை உயர்த்தலாமே என்று தோன்றும். மதிப்பெண் 0.9-க்கு மேல் வந்தால்தான் ஏற்பது என்று வைத்தால் பொய்கள் குறையும். தொலைவில் மெலிதாகக் கேட்ட உண்மையான ஆந்தைகளும் சேர்ந்து போகும். ஒரு பிழையை அழுத்தினால் மற்றது எழும். இதில் பலர் சறுக்கும் இடம் வேறு. பேர்ட்நெட் 0.9 என்று சொன்னால், அந்தப் பறவையாக இருக்க 90 விழுக்காடு வாய்ப்பு என்று வாசித்துவிடுகிறார்கள். அது அப்படி அல்ல. மென்பொருளின் உள்ளே எவ்வளவு ‘ஒத்திருந்தது’ என்பதன் அளவு அது. ஓர் இனத்துக்கு 0.5-இல் கிடைப்பதே நம்பகமாக இருக்கும், இன்னோர் இனத்துக்கு 0.95-உம் குப்பையாக இருக்கும். எந்த மதிப்பெண்ணில் எத்தனை உண்மை என்பதை ஒருவர் உட்கார்ந்து கேட்டுத்தான் அறிய முடியும்.

அந்தக் கேட்கும் வேலையைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். திரையில் சாம்பல் நிறப் படம். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அலைவெண், கறுத்த இடங்களில் ஒலி. அடியில் காற்றின் புகைமூட்டம். 400 ஹெர்ட்ஸ் அருகே ஒரு சிறு கோடு, சற்றே வளைந்து, அரை வினாடி நீளம். ஹெட்போனில் அது ‘ஊ’ என்கிறது. ஆந்தையா? ஆந்தையானால் அதன் குரல் பல அசைகள் கொண்ட வரிசையாக வரும். மூன்று வினாடி வெட்டில் ஒன்றுதான் சிக்கியிருக்கிறது. முன்னும் பின்னும் அரை நிமிடத்தைத் திறந்து பார்த்தால் அதே கோடு பன்னிரண்டு வினாடிக்கு ஒருமுறை, அணுவளவும் மாறாமல். விலங்கு இவ்வளவு ஒழுங்காக இருக்காது; எங்கோ ஓடும் இயந்திரம். ‘இல்லை’ என்று பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த துண்டு. அதில் ஒரு மாடப்புறா. அடுத்ததில் தூரத்து நாய். அடுத்ததில் ஆந்தைதான், சந்தேகமே இல்லை, மூன்று அசை முழுதாக. அதற்கு அடுத்தது யாராலும் சொல்ல முடியாதது.

அந்தக் கடைசித் துண்டுக்கு என்ன பொத்தான் என்பதில்தான் ஆய்வின் நேர்மை இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டு மட்டும் வைத்தால் கேட்பவர் ஏதோ ஒன்றை ஊகித்துத் தள்ளிவிடுவார். முந்தைய துண்டில் ஆந்தையைக் கேட்ட காது இதையும் ஆந்தை என்னும். ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது பொத்தான் வேண்டும். உறுதியானவற்றையும் ஐயத்துக்குரியவற்றையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, உறுதியானவற்றின் துணையால் மற்றவற்றில் எவ்வளவு பொய் என்று மதிப்பிடும் கணித முறைகள் 2011-க்குப் பிறகு நன்றாகவே வளர்ந்துவிட்டன. ஏமாறும் பிழைக்கு இருக்கும் உண்மையான மருந்து இதுதான். அதற்கு எல்லாத் துண்டுகளையும் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மதிப்பெண் அடுக்கிலிருந்தும் சிலவற்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கேட்டால் போதும். மேல் மதிப்பெண் பெற்றவற்றை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தியடைவது, முதல் பெஞ்சு மாணவர்களை மட்டும் கேள்வி கேட்டு வகுப்பை எடைபோடுவதைப் போன்றது.

கேட்கிறவரும் தவறுவார். ஒரே துண்டுகளை இரண்டு பேரிடம், ஒருவர் விடை மற்றவருக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்த்தால் எந்த அளவுக்கு என்பது தெரியும். சோர்வும் ஒரு காரணம். ஐந்நூறாவது துண்டில் எல்லா ‘ஊ’வும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

கருவியின் பக்கம் ஒரு பிழை சத்தமில்லாமல் வரும். மைக் மழையிலும் ஈரத்திலும் கிடந்து ஆண்டுகள் போகப் போக மந்தமாகும். அதன் காது எட்டும் தூரம் சுருங்கினால், காட்டில் எதுவும் மாறாமலேயே பறவைகள் குறைவதாகப் படும். பத்தாண்டுத் திட்டத்தின் நடுவில் கருவியின் ரகத்தையோ மென்பொருளின் பதிப்பையோ மாற்றினாலும் அப்படித்தான். மாற்றும்போது பழையதையும் புதியதையும் ஒரே மரத்தில் சில வாரம் சேர்த்துக் கட்டி வைத்து ஒப்பிட்டுக்கொள்ளாவிட்டால், பின்னால் வரும் வரைபடத்தில் இருக்கும் சரிவு பறவையுடையதா மைக்குடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவையும் படித்துவிட்டு இந்த முறையே உதவாது என்று நினைத்துவிட வேண்டாம். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் வாக்கிட்டா என்ற, டால்பினை ஒத்த சிறு கடற்பன்றியின் வீழ்ச்சியை உலகம் அறிந்தது பெரிதும் ஒலியால்தான். 2011 முதல் ஒவ்வொரு ஆண்டும் ஒரே பகுதியில் ஒலியுணரிகளை இறக்கிக் கேட்டார்கள். 2018 வரையில் ஆண்டுக்குச் சராசரியாகப் பாதிக்குச் சற்றே குறைவான அளவு அது குறைந்துவந்தது தெரிந்தது. அங்கே பிழைகள் அடங்கியிருந்ததற்குக் காரணம் உண்டு. வாக்கிட்டா 130 கிலோஹெர்ட்ஸ் அருகே குறுகிய அலைவரிசையில் சொடுக்கொலி எழுப்புகிறது. அந்தக் கடலில் வேறு கடற்பன்றி இனம் இல்லை. டால்பின்களின் சொடுக்கு வேறு மாதிரி. ஏமாற வாய்ப்புக் குறைவு. விட்டுவிடும் பிழை நிறைய இருந்திருக்கும், ஆனால் ஆண்டுதோறும் ஒரே இடம், ஒரே பருவம், ஒரே கருவி என்பதால் அந்தப் பிழை ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. மொத்தம் எத்தனை என்று சொல்ல அது போதாமல் இருக்கலாம். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று சொல்லப் போதும். ஆஸ்திரேலியாவில் மிக அரிதான இரவுக் கிளியைத் தேடி ஙுருர்ர்பா பழங்குடி வனக் காவலர்களும் ஆய்வாளர்களும் பெரும் மணல் பாலைவனத்தில் கருவிகளை வைத்தார்கள். 31 இடங்களில் 17-இல் அது பதிவானது. கருவியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ததில் அந்த நிலத்தை அறிந்தவர்களின் பங்கு பெரிது. எண்ணிக்கையைக் கேட்காமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால், அதுவும் குழப்பமற்ற குரலுள்ள உயிரினத்திடம் கேட்டால், ஒலி நேராகவே விடை சொல்கிறது.

எண்ணிக்கை கேட்கும்போதுதான் அது நழுவும். நானூறு கூவல் என்பது ஒரே பறவை நானூறு முறை கூவியதாகவும் இருக்கலாம், நாற்பது பறவைகள் பத்துப் பத்தாகக் கூவியதாகவும் இருக்கலாம். ஒரே கருவியின் பதிவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

யாருடையது என்றே தெரியாத ஒலிகள் இன்னொரு வகை. தென்முனைக் கடலில் 1960-களில் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்தவர்கள், வாத்து கத்துவதைப் போன்ற தாழ்ந்த ஒலி ஒன்று ஏறத்தாழ மூன்று வினாடிக்கு ஒருமுறை வருவதைக் கேட்டார்கள். கடலடியில் வாத்து ஏது? ‘உயிர்வாத்து’ என்ற பொருளில் ஒரு பெயரை மட்டும் வைத்துவிட்டு விட்டுவிட்டார்கள். மீன் என்றும் கப்பல் என்றும் பேச்சு இருந்தது. அரை நூற்றாண்டுக் காலம் கணக்கெடுப்புப் பதிவுகளில் அது யாருக்கும் சேராத ஓசையாகவே கிடந்தது. 2013-இல் அண்டார்க்டிகாவின் வில்ஹெல்மினா விரிகுடாவில் இரண்டு அண்டார்க்டிக் மிங்கே திமிங்கிலங்களின் உடலில் மைக் பொருத்திய கருவிகளை ஒட்டினார்கள். அவற்றில் அந்த வாத்துச் சத்தம் பதிவாகியிருந்தது. முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. தூக்கியெறியாமல் வைத்திருந்த பழைய ஒலிநாடாக்களை எடுத்து, எந்த மாதம் எந்தக் கடலில் அந்த ஒலி இருந்தது என்று இப்போது திரும்பக் கேட்கிறார்கள். எந்தத் திமிங்கிலத்தின் குரலும் கேட்கவில்லை என்று குறித்திருந்த குளிர்கால இரவுகள் பலவற்றில் மிங்கே இருந்திருக்கிறது.